விறகு கேட்காத பீப்பாய்

சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
14 ஆகஸ்டு 1927

தம்பி வீரசாமிக்கு,

நீ கியூர்பிப் போனதிலிருந்து அங்கே பெய்கிற மழையைப் பற்றியே எழுதுகிறாய். இங்கே நடந்ததை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் அக்காவுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று சொல்.

ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கரிய பாகு, அந்த மெலாஸ், வழக்கம்போல நம் ஊருக்குச் சும்மாதான் கிடைக்கிறது. கரும்பு வாய்க்காலில் ஊற்றினால் மண் கொழுக்கும் என்று உனக்குத் தெரியும். ஆலையின் குழாயடியில் க்ளெமான் என்று ஒருவன் நிற்கிறான். தாராளமான கை. பீப்பாய் வழிய நிரப்பிவிட்டு, "குடிக்கவா மாதாம், குளிக்கவா?" என்று கிரியோலில் கேட்பான். நம் தீவின் இந்த ஆகஸ்டுக் குளிரில் மெலாஸ் ஆறிப்போனால் இறுகிவிடும், ஊற்ற வராது. அதனால் கொதிக்கக் கொதிக்க வாங்கிவந்து, பீப்பாயைக் கரும்புச் சோகையால் மொத்தமாகச் சுற்றி, மேலே சாணியும் மண்ணும் பூசி, புகையிலைக் கொட்டகை மூலையில் வைத்தேன். மறுநாள் ஊற்றுவதாக எண்ணம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது பீப்பாய் எனக்கு மறந்தே போயிருந்தது.

நேற்றுக் கொட்டகைக்குள் போனால் முகத்தில் அனல் அடிக்கிறது. உள்ளே அடுப்பு மூட்டவில்லை, தீ இல்லை. பீப்பாயைத் தொட்டேன், கை சுட்டுவிட்டது. வாங்கிவந்த அன்று இருந்ததைவிடச் சூடு அதிகம். மூடியைத் தூக்கிக்கொண்டு பழுப்பு நுரை வந்திருந்தது. தீய்ந்த வெல்ல வாசனை. பேயோ பிசாசோ என்று ஒரு நிமிடம் பயந்தேன், சிரிக்காதே. அப்புறம் தலை நிமிர்ந்தால், பச்சையாகத் தொங்கவிட்ட இலையெல்லாம் பொன் மாதிரி மஞ்சளாகி நிற்கிறது. விறகு போட்டு, கண் விழித்து, புகையில் இருமி நாங்கள் பதம் போட்டபோது ஒரு தடவையும் இந்த நிறம் வந்ததில்லை.

விறகுக்கு இங்கே படுகிற பாடு உனக்கு மறந்திருக்காது. காடெல்லாம் தோட்டத்துரையுடையது. பக்கத்து வீட்டு அலமேலு ஒரு கட்டுச் சுள்ளிக்காகக் காவலனிடம் அகப்பட்டுக் கோர்ட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தாள். அப்படியிருக்க, விறகே கேட்காமல் ஒரு பீப்பாய் எப்படிச் சுடும்? நீ ஆலைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் மட்டுமில்லை, கெமிஸ்ட்டுக்கு வலக்கை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

உன் அக்கா,
தெய்வானை


கியூர்பிப்
23 ஆகஸ்டு 1927

அக்காவுக்கு,

உனக்குப் பைத்தியம் இல்லை. எனக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை.

மெலாஸில் சர்க்கரை முழுக்கப் போய்விடுவதில்லை. மிச்சமிருக்கிற சர்க்கரையும் கூடவே கிடக்கிற வேறு சத்துகளும் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கின்றன. அப்படி மாறும்போது கொஞ்சம் சூடு வருகிறது. அந்தச் சூடே அடுத்த மாற்றத்தைத் தூண்டிவிடுகிறது. அது இன்னும் சூடு தருகிறது. ஊர்வம்பு எப்படிப் பரவுகிறது? ஒருத்தி வாயிலிருந்து கிளம்பினால் போதும், அப்புறம் யாரும் விறகு போட வேண்டாம். அதே கணக்குத்தான். வழக்கமாகப் பீப்பாயின் சூடு காற்றோடு போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. நீ சோகையும் சாணியும் போட்டு அடைத்துவிட்டாய். போக வழியில்லாத சூடு உள்ளேயே வேலை செய்திருக்கிறது.

இங்கே யாருக்கும் சொல்லாமல் ஒரு சின்ன ஜாடியில் செய்து பார்த்தேன். பிடிக்கவில்லை. கம்பளி சுற்றிச் செய்தேன், பிடித்துக்கொண்டது. தினம் கொஞ்சம் புதுப் பாகு ஊற்றி, அடியில் கரியாய்ப் போனதை எடுத்துவிட்டால் அது தானே தொடர்ந்து நடக்கும் என்று நினைக்கிறேன். முதல் சூட்டை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

அக்கா, ஒரு விஷயம். பீப்பாய்க்கு மேல் பெரிதாக எதிலும் செய்துவிடாதே. சின்னப் பாத்திரம் என்றால் கொஞ்சம் சோகையை உரித்துவிட்டால் அடங்கிவிடும். பெரிய தொட்டியில் நடுவயிற்றில் இருக்கிற சூட்டுக்கு வெளியே வர வழியே கிடையாது. ஒரு எல்லை தாண்டினால் எந்தக் கெமிஸ்ட் வந்தாலும் நிறுத்த முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வருகிறேன். பீப்பாய்க்குள் செப்புக் குழாய் சுற்றி, தண்ணீர் ஓடவிட்டு, அந்த வெந்நீரைக் கொட்டகை முழுக்கச் சுற்றிக் கொண்டுபோகலாம். நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கு வெல்லம் வைத்திரு.

தம்பி,
வீரசாமி


சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
30 அக்டோபர் 1927

தம்பிக்கு,

நீ குழாய் சுற்றிக் கொடுத்துப் போனபின் பீப்பாய் இன்றுவரை ஆறவில்லை. காலையில் ஒரு வாளி பாகு, மாலையில் ஒரு வாளி. மாட்டுக்குத் தீனி வைப்பதைவிட எளிது, உதைப்பதும் இல்லை. அலமேலு இலையும் என் கொட்டகையில்தான் தொங்குகிறது. அடுத்த வருடம் அவள் வீட்டிலும் ஒரு பீப்பாய் வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். அப்புறம் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும். காட்டுக் காவலனுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

நீ வந்தபோது கிணற்றடியில் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆலைக்கு இது தெரியக்கூடாது. உன் கெமிஸ்ட் துரை, அந்த முசே லிண்ட்சே நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவருக்கும் தெரியக்கூடாது. ஆலைக்காரன் மெலாஸை நமக்கு ஏன் சும்மா கொடுக்கிறான்? அவனுக்கு அது குப்பை. குப்பையில் சூடு இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே குழாய்க்குப் பூட்டு விழும். நீ என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். நான் கேட்காமலே செய்தாய், அதனால்தான் நம்பினேன்.

இன்னொன்று. போன வருடம் மலேரியாக் காய்ச்சலில் நீ யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது, திரௌபதி அம்மனுக்கு உனக்காகத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். இந்த மார்கழியில் அதைத் தீர்க்கிறேன். காப்புக் கட்டிவிட்டால் தீ மிதிக்கும்வரை கோயிலிலேயே தங்கல். வீட்டுக்கு வரக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது. அலமேலுவும் காப்புக் கட்டுகிறாள். அத்தனை நாளும் பீப்பாய்க்கு யார் ஊற்றுவது என்பதுதான் கவலை. ஆலை மூடுகிற சமயம். அணைந்துவிட்டால் அடுத்த அறுவடைவரை சூடான மெலாஸ் கிடைக்காது, கடைசி இலையெல்லாம் பச்சையாகவே அழுகும்.

உன் அக்கா,
தெய்வானை


கியூர்பிப்
20 நவம்பர் 1927

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை அதிகம். முசே லிண்ட்சே என்னைப் புதிதாகக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார். என் ஜாடியைப் பார்த்துவிட்டு "இது என்ன?" என்றார். தேன் மெழுகு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு கேள்வி, கேள்வியாகவே எடுத்துக்கொள். ஒரு தெருவுக்கு மட்டும் பயன்படுகிற ஒன்று தீவுக்கே பயன்படுமானால், அதை மூடி வைத்திருப்பது நியாயமா? இங்கே நிலக்கரி கப்பலில் வருகிறது. காடு மொட்டையாகிவிட்டது. தானே தன்னை நடத்திக்கொள்கிற ஒரு சூடு கையில் இருக்கிறது. சும்மா யோசித்தேன், அவ்வளவுதான். நீ உடனே பேனாவை எடுக்காதே.

பீப்பாயைப் பற்றிய கவலையை விடு. லீவு சொல்லிவிட்டேன். நீ காப்புக் கட்டுகிற அன்றே வந்துவிடுகிறேன். கொட்டகைச் சாவியை எனக்குத் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டுப் போ. எனக்காகத் தீயில் இறங்குகிறவளுக்கு நான் இதுகூடச் செய்யமாட்டேனா? நிம்மதியாகக் காப்புக் கட்டிக்கொள்.

தம்பி,
வீரசாமி


சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
9 ஜனவரி 1928

வீரசாமிக்கு,

தீக்குழியில் இறங்கி ஏறினேன். காலில் ஒரு கொப்புளம் இல்லை. மஞ்சள் துணியோடு வீட்டுக்கு வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோதுதான் சுட்டது.

பீப்பாய் இருந்த மூலை காலி. சோகையை உரித்து ஓரமாக அடுக்கியிருந்தது. குழாயை உடைக்கவில்லை, திருகு திருகாகக் கழற்றியிருந்தார்கள். திருடன் அவ்வளவு பொறுமையாகக் கழற்றமாட்டான், அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? இலையெல்லாம் தரையில் விழுந்து, அதன்மேல் பூட்ஸ் தடம். சாவி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஊர் முழுக்கக் கோயிலில் கரகத்தின் பின்னால் நின்றதால் யாரும் பார்க்கவில்லை. ஆலை லாரியில் ஏற்றுவதற்குக் கூப்பிட்டது க்ளெமானை. அவன்தான் வாசலில் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "உங்க தம்பிதான் முன்னால உக்காந்திருந்தார் மாதாம். பக்கத்துல முசே லிண்ட்சே. வீட்டுக்காரரே ஏத்தச் சொல்றாரு, நான் என்னன்னு கேப்பேன்?" அவனைக் குறை சொல்ல முடியுமா? நீ வீட்டுக்காரன்தானே.

அதோடு முடியவில்லை. ஆலை மூடுமுன் கடைசி வண்டிக்குப் போன தெருக்காரர்கள் வெறும் பீப்பாயோடு திரும்பி வந்தார்கள். குழாய்க்குப் பூட்டு. இனி மெலாஸ் கம்பெனிச் சொத்து, ஒரு வாளிகூட வெளியே போகக்கூடாதாம். இலை போனது எனக்கு மட்டும். மண்ணுக்கு ஊற்றுகிற பாகு போனது எல்லாருக்கும். "உன் தம்பி செய்த வேலையா?" என்று அலமேலு கேட்டாள். அவன்தான் என்றேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாலு பேர் சொன்னால் கேட்டுக்கொள்வேன், அது பழமொழி. நான் உன்னையே நினைத்துக்கொண்டு கோயிலில் பட்டினி கிடந்த நாட்களில், காப்புக் கட்டியவள் வீட்டுப் பக்கம் வரமாட்டாள், எல்லை தாண்டமாட்டாள் என்று அந்த நாட்களையே நீ பார்த்து எடுத்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் விரதத்தை எனக்கு விலங்காகப் பூட்டினாய். அம்மன் மன்னிக்கலாம். அவளுக்கு வேறு வேலையும் இருக்கிறது.

தெய்வானை


கியூர்பிப்
2 பிப்ரவரி 1928

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை.

நாள் பார்த்துச் செய்தேன் என்பது உண்மை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது, அதனால்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல், ஏற்றுக்கொள்கிறேன். துரோகம் என்று சொல்லாதே.

முசே லிண்ட்சே என் ஜாடியை இரண்டாம் முறை பார்த்தபோது பொய் சொல்ல முடியவில்லை. அவர் படித்தவர் அக்கா. ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "வீரசாமி, இது கொட்டகையில் கிடக்கிற விஷயமில்லை" என்றார். நாம் செய்தால் புகையிலை காயும். அவர்கள் செய்தால் ஆலையே நிலக்கரி இல்லாமல் ஓடும். எனக்கு உதவிக் கெமிஸ்ட் பதவியும் இருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் என் பெயர் வரும். உன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கம்பெனி அறிக்கையில் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர் இதுவரை வந்ததுண்டா?

மெலாஸைப் பற்றி நான் பேசுகிறேன். சின்ன நிலக்காரர்களுக்குக் கொஞ்சம் விடச் சொல்கிறேன். அவர் கேட்பார்.

தம்பி,
வீரசாமி


சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
19 பிப்ரவரி 1928

வீரசாமிக்கு,

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் அதற்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி என்னிடமே கேட்கிறான். வைத்துக்கொள், உனக்குப் பிடித்த பெயராகவே வைத்துக்கொள்.

என் பெயரை அறிக்கையில் போட வேண்டாம். என் பீப்பாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல். அது முடியாதென்றால் குழாய்ப் பூட்டைத் திறக்கச் சொல். அதுவும் முடியாதென்றால் எழுதாதே.

தெய்வானை


கியூர்பிப்
16 செப்டம்பர் 1928

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. பத்திரிகையிலும் வந்தது. "முசே லிண்ட்சேயின் தானியங்கும் வெப்பம்" என்று தலைப்பு. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை தேடினேன். என் பெயர் இல்லை. உன் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "வீரசாமி, உதவியாளர்களை எல்லாம் அச்சில் போட்டால் காகிதம் போதாது" என்று தோளில் தட்டினார். உதவிக் கெமிஸ்ட் பதவிக்கு அவருடைய அத்தை மகன் வந்திருக்கிறான். நான் மறுபடியும் கண்ணாடிக் குழாய் கழுவுகிறேன்.

நம் ஊருக்குப் பக்கத்து ஆலையில் பெரிய இரும்புத் தொட்டி கட்டிவிட்டார்கள். அதற்குள் நம் கொட்டகையே நிற்கும். சுற்றிலும் கரும்புச் சக்கையும் செங்கல்லும் வைத்து அடைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள என்னைத்தான் அடிக்கடி அனுப்புகிறார்கள். இரண்டு தடவை ஸ்டேஷனில் இறங்கி, நம் தெரு முனைவரை வந்து, திரும்பிவிட்டேன். ஏமாற்றப்படுவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

தம்பி,
வீரசாமி


சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
25 செப்டம்பர் 1928

வீரசாமிக்கு,

உனக்குத் தெரியாது. உன்னை ஏமாற்றியவன் உன் தம்பி இல்லை. நீ அவனுக்காகத் தீயில் இறங்கவும் இல்லை. உனக்குக் கிடைக்கும் என்று நினைத்தது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் மறுபடி விறகு போட்டுத்தான் இலை பதம் போட்டோம். காட்டுக் காவலன் நம் தெருப் பெண்கள் மூன்று பேரைப் பிடித்தான். அலமேலு என்னோடு பேசுகிறாள், ஆனால் என் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஆலைக் குழாயடியில் க்ளெமான் இப்போது காவல் நிற்கிறான். எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பாவம். பகல் முழுக்க அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே அவனுக்கு வேலையாம்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பீப்பாய்க்கு மேல் போனால் யாராலும் நிறுத்த முடியாது என்று எனக்கு எழுதியவன் நீ. அந்த மனிதரிடம் அதைச் சொன்னாயா?

தெய்வானை


கியூர்பிப்
28 நவம்பர் 1928

அக்கா அவர்களுக்கு,

நடந்தது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆலைச் சங்கு நம் ஊருக்குக் கேட்டிருக்கும்.

தொட்டி புதன்கிழமையிலிருந்தே கூடுதலாகச் சூடாகியிருந்தது. வெள்ளிக்கிழமை நுரைக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்தும் இறங்கவில்லை. மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு, கொதிக்கிற கரிக்குழம்பாகப் பொங்கிப் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். க்ளெமான் வால்வுக்குக் கீழே இருந்தான். இடுப்புக்குக் கீழே வெந்துபோய்விட்டது. உயிர் இருக்கிறது. கால்கள் நிற்குமா என்று டாக்டர் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்தார். மறுமுறை சொல்லவில்லை. பதவிக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது.

இப்போது கம்பெனி சொல்வது வேறு. இந்தச் செய்முறை முசே லிண்ட்சே கண்டுபிடித்ததே இல்லையாம். வேலைக்காரன் வீரசாமி தன் அக்காவிடமிருந்து கொண்டுவந்த நாட்டு முறையாம். எல்லாம் என் தலையில் விழுகிறது. டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை, ஃப்ளாக் கோர்ட்டில் விசாரணை. நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இது உங்கள் முறை, நீங்கள் கண்டது. எவ்வளவு பெரிய பாத்திரத்தில் செய்தாலும் ஆபத்தில்லை என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவ்வளவுதான். தெரியாமல் சொன்ன ஒரு கிராமத்து விதவையை யார் என்ன செய்யப்போகிறார்கள்? வழக்கு விபத்து என்று முடிந்துவிடும். எனக்கு வேலை நிற்கும். சிறைக்குப் போகமாட்டேன்.

இதைக் கண்டது யார் என்று உலகம் அறிய வேண்டும் என்று நான் முன்பே ஆசைப்பட்டேன். இப்போது உங்கள் பெயர் கோர்ட்டுப் பதிவிலேயே ஏறும்.

எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் அக்கா?

தம்பி,
வீரசாமி


சென்ட்ர் டி ஃப்ளாக் அஞ்சல்
11 டிசம்பர் 1928

வீரசாமிக்கு,

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன் இன்று நீங்கள் என்கிறாய். காரியம் பெரிதாக இருந்தால் மரியாதையும் பெரிதாக வரும் போலிருக்கிறது.

நன்றாக நடந்தவரை அது முசே லிண்ட்சேயுடையது. வெடித்த மறுநாள் என்னுடையது. அவன் அப்படிச் சொல்வதில் எனக்கு வியப்பில்லை, அவன் அன்னியன். என் பீப்பாயை ஒருமுறை எடுத்துக்கொண்டு போனவன் நீ, இப்போது அதையே நெருப்போடு கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாய். விதவையை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் க்ளெமானைப் பார்த்தேன். அவன் மனைவி ஒதில் கட்டிலருகில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "உங்க பீப்பாய் நல்ல பீப்பாய் மாதாம். அன்னிக்கு லாரில ஏத்தும்போது கையில சூடு பட்டுது, மழைல நனஞ்ச கைக்கு இதமா இருந்துச்சு. அதை ஏன் இவ்வளவு பெருசா பண்ணாங்க?" என் தம்பிக்குத் தெரியும், ஒருமுறைக்குமேல் சொல்லாமல் இருந்துவிட்டான் என்று சொன்னேன்.

நீ கேட்ட சாட்சியைத் தருகிறேன். அது என் பீப்பாய். நான்தான் சோகை சுற்றினேன், நான்தான் சூட்டைக் கண்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அதை உனக்குத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பெரிய பாத்திரம் ஆகாது என்று எனக்குச் சொன்னவன் நீ, நான் உனக்குச் சொல்லவில்லை. கோர்ட்டில் இந்தக் கடிதத்தைக் கொடு. கொடுப்பதானால் முழுக்கக் கொடு. உனக்கு வேண்டிய வரியை மட்டும் கிழித்துக்கொண்டு போகாதே.

நேரில் வர முடியாது. நேற்றுக் காப்புக் கட்டிக்கொண்டேன். தீ மிதிப்பது விசாரணைக்கு அப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதுவரை ஊர் எல்லை தாண்டி ஃப்ளாக் வரைகூடப் போகக்கூடாது, உனக்குத் தெரியாததா? நாள் கோயில் வைத்தது. காப்புக்குக் கையை நீட்டியது நான். போன வருடம் நீ நாள் பார்த்தாய், இந்த வருடம் நானும் பார்த்தேன்.

அலமேலுவும் காப்புக் கட்டியிருக்கிறாள். நேற்றிரவு கோயில் மண்டபத்தில் என் பக்கத்தில்தான் பாய் விரித்தாள். கொட்டகையை இந்தத் தடவை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் பூட்டை மாற்றிவிட்டேன்.

போன வருடம் குழியில் கால் வைக்கும்போது உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கினேன். இந்த வருடம் க்ளெமானின் கால்களுக்காக இறங்குகிறேன். அவன் பெயரைத்தான் சொல்வேன்.

தெய்வானை